நான் அவசரமாகத் தைத்த மன்னிப்பு

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருவுக்குப் போய் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘டெய்லர் சார்’ என்று கேட்டுப் பாருங்கள். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, எந்த ஆட்டோவில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் பொத்தான் இல்லாமலே ஒரு வாரம் ஆபீஸ் போகிற ஜாதி நான். இந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம் நெசவாளர் சங்கத்தின் மாடியில் உங்களுக்கென்று ஏசி அறை ஒதுக்கி, கதவில் ‘சமூக ஊடகப் பிரிவு’ என்று பலகையும் மாட்டியிருக்கிறார்களாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. என் காலத்தில் அந்தப் பிரிவு என்பது நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். எங்கள் இருவரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் தூசி படாமல் உறை போட்டிருந்தார்கள்.

அந்த வேலைக்கு நான் தேர்வான விதமும் சிறப்பானது. ஒரு நாள் தலைவர் வந்து, “யாருக்குப்பா கம்ப்யூட்டர் தெரியும்?” என்று கேட்டார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். எழுத்துகள் இருக்கிற வரிசை இரண்டிலும் ஒன்றுதானே என்று கையைத் தூக்கினேன். மற்றவர்கள் எல்லாம் புத்திசாலிகள். குனிந்து லெட்ஜர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அதுவரை நம் சங்கத்தை வெளியே அறிமுகப்படுத்த இருந்தவை இரண்டு: கடை வாசலில் ஒரு பலகை, தீபாவளிக்கு முன் பேப்பரில் ஒரு பெட்டி விளம்பரம். அந்தச் சமயத்தில்தான் நட்பு வலைத்தளங்கள் வந்தன. அப்படி ஒன்றில் பட்டுப் புடவைப் பிரியைகள் கூடிப் பேசுகிற ஒரு குழு இருந்தது. நான் சங்கத்தின் பெயரில் அதில் சேர்ந்து, தினமும் காலையில் ஒரு புடவையின் படத்தைப் போட்டேன். ஆறு மாதத்தில், காஞ்சிபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட நம் சங்கத்தைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். துபாயிலிருந்து வந்த ஒரு குடும்பம், நான் போட்ட படத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்து, “இதே புடவை வேணும்” என்று கேட்டது. தலைவர் அந்தக் காகிதத்தை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தலைக்கனம் ஏற இதற்கு மேல் என்ன வேண்டும்? யார் என்ன கேட்டாலும் பத்தே நிமிடத்தில் பதில். டீ குடிக்கப் போனால்கூட பாதிக் கிளாஸோடு திரும்பி ஓடி வருவேன். உலகமே என் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலையில்.

பெங்களூரிலிருந்து உஷா என்ற வாடிக்கையாளர், குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். நம்மிடம் வாங்கிய புடவை. கிளிப்பச்சை உடல், அரக்கு முந்தி. முந்தியும் உடலும் சேருகிற இடத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, மிக நெருக்கத்தில், ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படம். இரண்டு நிறமும் கலந்து ஒரு கோணல் கோடு ஓடியது. கோட்டின் ஓரமெல்லாம் நூல் பிசிறு. கீழே எழுதியிருந்தார்: ‘தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கினேன். இரண்டு துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்து முழுப் புடவை என்று விற்றிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலேயே இப்படி என்றால் இனி யாரை நம்புவது?’

உள்ளூர்க் கடையில் ஒருவர் சண்டை போட்டால் மிஞ்சிப்போனால் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே உலகமே சுற்றி நிற்கிறது. தலைவர் வேறு வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஆகிவிட்டது. பத்து நிமிடப் பெருமை போய்விடுமே! தட்டினேன் பாருங்கள் ஒரு பதில்:

‘மிகவும் வருந்துகிறோம். இது மன்னிக்க முடியாத குறை. புடவையை அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். சம்பந்தப்பட்ட நெசவாளருக்கு வேலை தருவது நிறுத்தப்பட்டுவிட்டது.’

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? அது ஒரு வேகத்தில் வந்து விழுந்தது. அப்படி யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே! நான் நேர்மையான மனிதன். எனவே அந்தப் புடவையின் விற்பனைச் சீட்டு நகலில் இருந்த நெசவாளர் எண்ணைத் தேடி எடுத்து, ‘ஒட்டுத் தையல் புகார் விசாரணை முடியும்வரை இந்த எண்ணுக்குப் பாவு தர வேண்டாம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி பாவு கொடுக்கும் பிரிவுக்கு அனுப்பினேன். பொய்யை உண்மையாக்கிவிட்ட திருப்தியில் மீதி டீயையும் குடித்தேன்.

பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நீளவாட்டு இழைகள் என்பது உங்களுக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் நெசவாளரின் வீட்டில் தறி வெறும் மரச்சட்டம்.

என் மன்னிப்பு நன்றாக வேலை செய்தது. மிக நன்றாக. செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் எழுதினார்: ‘என் புடவையிலும் இதே ஒட்டு இருக்கிறது.’ வருந்துகிறோம் என்று பதில் போட்டேன். பிறகு மும்பை. வருந்துகிறோம். பிறகு சிங்கப்பூர். அதற்குள் ‘வருந்துகிறோம்’ கடிதத்தை ஒரு ஃபைலில் சேமித்து வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு பெண்மணி எழுதினார்: ‘இப்போதுதான் என் அம்மாவின் கல்யாணப் புடவையைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் இருக்கிறது. நாற்பது வருஷமாகவா ஏமாற்றுகிறீர்கள்?’

அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அவருக்கும் வருந்தினேன்.

புதன்கிழமை காலை என் மேஜை முன்னால் ஏகாம்பரம் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். தோளில் துண்டு, கையில் பாவு எடுத்துப் போகிற பை. மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற முகம். அதற்குமேல் எனக்கு அவரைத் தெரியாது.

“பாவு வாங்க வந்தேன் சார். நிறுத்தி வச்சிக்கிறாங்கோ. இன்னா ஏதுன்னு கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றாங்கோ.”

“உக்காருப்பா. உன் பொடவை மேல புகார் வந்துக்குது. முந்தியைத் தனியா தைச்சு ஒட்டுப்போட்டிருக்கன்னு.”

“தைச்சா?”

“போட்டோவே இருக்குது. பாரு.”

அவர் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். தூசியோ என்று சந்தேகம் வந்ததுபோல் துண்டால் திரையை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது பிட்னி சார்.”

நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“பச்சை இழை முடியற எடத்துல அரக்கு இழையை ஒண்ணு ஒண்ணா மாட்டி சேப்போம் இல்ல, அதான். பின்பக்கம் பொரட்டி போட்டோ எட்த்துக்கிறாங்கோ. முன்பக்கம் லேசா கோடு மாரி தெரியும், பின்னாடி பிசிறு இருக்கும். அது இருந்தாத்தான் சார் பொடவை.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீங்க இதைப் பார்த்ததே இல்லியா சார்?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

நான் பார்த்ததில்லை. ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘பாரம்பரிய பிட்னி முறையில் நெய்யப்பட்ட எழில்மிகு முந்தானை’ என்று நம் சங்கத்தின் விளம்பரத் தாளில் ஒரு வரி உண்டு. அதை எழுதியவன் நான்தான். காதுக்கு இனிமையாக இருந்தது, எழுதினேன். பிட்னி என்பது ஒரு ராகமா, பலகாரமா என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கடையில் புடவையை விரிக்கும்போது முன்பக்கம்தான் காட்டுவோம். இத்தனை வருடத்தில் ஒரு புடவையையும் நான் புரட்டிப் பார்த்ததில்லை.

“ஏகாம்பரம், தப்பு என்னுது. இப்பவே பாவு கொடுக்கச் சொல்றேன்.”

“பாவு இருக்கட்டும் சார்.” பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ரெண்டு நாளா தெருவுல என்னை டெய்லருன்றானுங்கோ. ஏன்னு இப்பத்தான் தெரியுது. டீக்கடையில போய் நின்னா, ‘இன்னா டெய்லரே, ஒரு ஜாக்கெட்டு தைக்கணும், அளவு எடுக்கறியா’ன்றான். எங்கப்பன் காலத்துலேர்ந்து தறி போட்றோம். மொதல்ல அந்தப் பேரை எட்த்துடுங்கோ. அப்பாலிக்கா வந்து பாவு வாங்கிக்கிறேன்.”

போய்விட்டார். குழுவில் ஒரு பொய் பரவ இரண்டு நாள் ஆகிறது. பாவுப் பிரிவிலிருந்து நெசவாளர் தெருவுக்குப் போக அரை நாள்கூட ஆகாது போலிருக்கிறது.

தலைவருக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எழுதினதை எல்லாம் அழிச்சுடு. மூச்சு விடாத. நாலு நாள்ல மறந்துடுவாங்க” என்றார். அனுபவஸ்தர். அந்த யோசனையைத் தப்பென்றும் சொல்ல முடியாது. அழிக்கிற பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன்.

அழித்தால் என் பதில்தான் போகும். படித்தவர்கள் மனதில் ஒட்டுப்புடவை அப்படியேதான் இருக்கும். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பார்கள். நல்ல புடவைகளைக் கெட்ட புடவைகளாக்கிவிட்டு நான் மட்டும் நழுவிவிடலாம். டீக்கடையில் ஏகாம்பரத்தின் பெயர் மட்டும் மாறாது. அங்கே அழிக்கிற பொத்தான் எதுவும் கிடையாது. கையை எடுத்துவிட்டேன். ஏதோ வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ‘அது இருந்தாத்தான் சார் பொடவை’ என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. அதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சங்கத்தின் கேமராவை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பிள்ளையார்பாளையம் போனேன். ஏகாம்பரத்தின் மனைவி வள்ளியம்மாதான் வாசலுக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள்,

“வாங்க சார். எங்க வூட்டு தையல் மிஷினைப் பாக்க வந்தீங்களா?” என்றார்.

“இல்லமா, வந்து...”

“ரிப்பேருமா. எண்ணெய் போட குட்த்துக்குறோம்.”

உள்ளிருந்து ஏகாம்பரம், “உடும்மே, உள்ள வரட்டும்” என்றார்.

என் நல்ல காலம், தறியில் பழைய பாவின் கடைசிப் புடவை முந்தி சேர்க்கிற கட்டத்தில் இருந்தது. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, உடலின் மாம்பழ மஞ்சள் இழைகளில் முந்தியின் நீல இழைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். விரல்கள் போகிற வேகத்தில் என் கண் போகவில்லை. படம் எடுத்தேன். எடுத்து முடித்ததும் வள்ளியம்மா விடவில்லை.

“போட்டோ எட்த்தா ஆச்சா? இந்தா, ஒரு இழை மாட்டு சார்.”

மாட்டினேன். முதல் இழை அறுந்தது. இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்றாவதை மாட்டி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவர் அதற்குள் ஒரு சாண் அகலத்துக்குச் சேர்த்து முடித்திருந்தார். என்னுடையதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அவிழ்த்துத் திரும்ப மாட்டினார். அந்த மூன்று இழைகளும் நான் மாட்டியபடியே இருந்திருந்தால் நம் சங்கத்தின் வரலாற்றில் உண்மையாகவே ஒரு குறையுள்ள புடவை வந்திருக்கும்.

“எல்லாத்தையும் சரியா எழுதிடறேன்மா” என்றேன் கிளம்பும்போது.

“இன்னான்னு எழுதுவ?”

“எங்கள் சங்கத்து நெசவாளர் நெய்தது சரியான பொடவைதான்னு.”

“அதான பார்த்தேன்.” இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “தப்புன்னா நம்பரைப் புட்ச்சிக்கினு நேரா எங்க வூட்டுக்கு வர்றீங்கோ. நல்லா இருந்துச்சுன்னா மட்டும் சங்கத்துப் பொடவையா? திட்டும்போது ஒத்த ஆளைத் திட்டுனல்ல, இப்ப எங்க பேரைப் போட்டு எழுது. ரெண்டு பேரு பேரும்.”

நானும் எத்தனையோ கூட்டங்களில் விளம்பரம், மக்கள் தொடர்பு என்று பேச்சுக் கேட்டிருக்கிறேன். பிஸ்கட் நன்றாக இருக்கும். என் வேலை என்ன என்பதை எனக்கு முதன்முதலில் விளக்கியவர் வள்ளியம்மாதான்.

அன்றைக்குப் பத்து நிமிடத்தில் பதில் எழுதவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டை மறந்து எழுதினேன். படங்களை வரிசையாகப் போட்டேன். இழை மாட்டுகிற கைகள், முன்பக்கம், பின்பக்கம். கடைசியாக, இழையைப் பிடித்துக்கொண்டு நான் திருதிருவென்று விழிக்கிற படம். அதை எடுத்தவர் ஏகாம்பரம். நன்றாக எடுத்திருந்தார், பாவி. கீழே எழுதியது இது:

‘இந்தக் கோட்டைக் குறை என்று திங்கட்கிழமை சொன்னவன் நான். புடவையைப் பார்க்காமலே சொன்னேன். இதை நெய்தவர்கள் ஏகாம்பரமும் வள்ளியம்மாவும். இவர்கள் புடவையில் தையல் எதுவும் இல்லை. என் மன்னிப்பில்தான் ஒட்டும் தையலும் இருந்தது. உங்கள் புடவையிலும் இந்தக் கோடு இருந்தால், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து உங்களுக்காக இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குறையைக் காண வேண்டுமானால் கடைசிப் படத்தில் இருக்கிறது.’

ஒரு நாள் போயிற்று. உஷாவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அம்மாவின் கல்யாணப் புடவைப் பெண்மணிதான் முதலில் எழுதினார்: ‘அம்மாவிடம் காட்டினேன். “எனக்கு அப்பவே தெரியும், உனக்குத்தான் பொறுமை இல்லை” என்கிறார்.’ அந்த அம்மாவின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. தலைவர் ஊர் திரும்பி, என் விழிக்கிற படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு, “சங்கத்து மானத்தை வாங்கிட்டியா, காப்பாத்திட்டியான்னே தெரியலையேப்பா” என்றார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போன் வந்தது. உஷா. “திருப்பி அனுப்பப் பார்சல் கட்டி வச்சிருந்தேன் சார். இப்பப் பிரிச்சிட்டேன். முதல்ல உங்க மேலதான் கோபம் வந்தது. தப்பே இல்லாததுக்கு ஏன் மன்னிப்புக் கேட்டீங்கன்னு. அந்த நெசவாளர்கிட்ட நான் பேசணும்.”

ஏகாம்பரத்தை வரவழைத்துப் போனைக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் உஷா நீளமாக ஏதோ சொன்னார். இவருக்குக் காது மடல் சிவந்தது.

“பரவால்லமா... அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லமா... தெரியாதது தானமா...” பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், “தண்ணில போட்டுடாதீங்கமா. நெழல்ல ஒணத்துங்கோ. மடிப்பை மாத்தி மாத்தி வையுங்கோ” என்று சொல்லி, அவசரமாக என்னிடம் போனை நீட்டினார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை. நான் உலகம் முழுக்க மன்னிப்புக் கேட்டாலும் அவர் தெருவுக்கு அது வந்து சேராது. குழுவில் ஆங்கிலத்தில் போட்டிருந்த என் கடிதத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஒன்றைப் பாவுப் பிரிவின் பலகையில் ஒட்டினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவர் தெரு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சுவரில் இடம் தந்தார். நான் பசை தடவி ஒட்ட ஒட்ட, பின்னால் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் சத்தமாக, விரலை வைத்துப் படித்தார். ‘என் மன்னிப்பில்தான் ஒட்டும் தையலும்’ என்ற வரிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப டெய்லரு அவுரு இல்ல. நீங்கதானா சார்?”

ஏகாம்பரம் பெஞ்சு ஓரத்தில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்பா. நான்தான்” என்றேன்.

“தோடா! டெய்லர் சாருக்கு ஒரு டீ போடு!”

கடையே சிரித்தது. ஏகாம்பரமும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மறுநாள் காலை பையோடு வந்து பாவு வாங்கிக்கொண்டு போனார்.

அதிலிருந்து என் காலம் முடிகிறவரை, படம் போட்ட ஒவ்வொரு புடவைக்கும் நெய்தவர் பெயரை எழுதினேன். வள்ளியம்மாவின் உத்தரவு. புகார் வந்தால் முதலில் புடவை வரட்டும், புரட்டிப் பார்ப்போம், நெய்தவரையும் கேட்போம், பிறகு பதில் என்று வைத்துக்கொண்டேன். பத்து நிமிடப் பெருமை போயிற்று. சில சமயம் இரண்டு நாள்கூட ஆனது. திட்டினார்கள். பிறகு, இவர்கள் தாமதமாகச் சொன்னாலும் பார்த்துச் சொல்வார்கள் என்று அவர்களே குழுவில் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அந்த நல்ல பெயரை நான் எந்தப் பெட்டி விளம்பரத்திலும் வாங்கியிருக்க முடியாது. அதற்காக உஷாவுக்கும், தலைவருக்கும், என்னைத் திட்டிய அத்தனை ஊர்ப் பெண்மணிகளுக்கும் நன்றிக்கடன்பட்டவன் நான். உங்களுக்கும் அப்படிப் பெரிய மனசோடு திட்டுகிறவர்கள் வாய்க்கட்டும்.

ஓய்வு பெற்ற நாளில் சங்கத்தின் கூடத்தில் விழா. தலைவர் ரோஜா மாலை போட்டார், சால்வை போர்த்தினார். எல்லோரும் போட்டு முடித்தபின் ஏகாம்பரமும் வள்ளியம்மாவும் மேடை ஏறினார்கள். காகிதப் பொட்டலத்தைப் பிரித்தால், தையற்காரர்கள் தோளில் போட்டுக்கொள்கிற மஞ்சள் இஞ்சு டேப். ஏகாம்பரம் அதை ரோஜா மாலைக்கு மேல் என் கழுத்தில் போட்டு, இரண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்து, ஒரு பக்கம் லேசாக இழுத்துவிட்டார். நெசவாளர் இல்லையா, கோணலாக இருந்தால் கை சும்மா இருக்காது.

“எங்க வூட்டுக்காரர் பட்டத்தை வாங்கிக்கினீங்களே சார், சாமானையும் வாங்கிக்கினு போங்கோ” என்றார் வள்ளியம்மா, மைக்கில்.

சால்வை பீரோவில் இருக்கிறது. டேப் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், “சாருக்குத் தையல் தெரியுமா?” என்று கேட்பார்கள்.

“ஒரே ஒருமுறை தைச்சேன். பிரிக்க அஞ்சு நாள் ஆச்சு” என்பேன்.